பரம்பரையா? பழக்கமா?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது தமிழர் வழங்கும் பழமொழி. பிள்ளைகளின் முகத்திலும் குரலிலும் நடையிலும் பெற்றோரின் சாயல் இருப்பதைக் கண்டே முன்னோர் இவ்வாறு கூறினர். நோய்களைப் பற்றிப் பேசும்போதும் பலர் இதே எண்ணத்தை வெளியிடுகின்றனர். தாத்தாவுக்கு நீரிழிவு நோய் இருந்தது, அப்பாவுக்கும் வந்தது, ஆகவே, மகனுக்கும் வந்தே தீரும் என்று சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். "எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது, இனி என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்துவிடுகின்றனர்.

இந்த முடிவு சரியானதா? ஒரு குடும்பத்தார் தங்களுக்குள் மரபணுக்களை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரே சமையலறையில் சமைத்த உணவை உண்கின்றனர். ஒரே வீட்டுக் காற்றைச் சுவாசிக்கின்றனர். ஒருவரைப் பார்த்து மற்றொருவர் பழக்கங்களைக் கற்றுக்கொள்கின்றனர். தாத்தா தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்திருந்தால், பேரனும் அப்படியே குடிக்கப் பழகியிருக்கலாம். அவ்வாறாயின், நோய் மரபணு வழியாக வந்ததா, சாப்பாட்டு மேசை வழியாக வந்ததா? ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஏனெனில், பரம்பரையும் பழக்கமும் அங்கே பின்னிப் பிணைந்து கிடக்கின்றன.

இந்தப் பின்னலைப் பிரித்துப் பார்க்க, ஆய்வாளர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இரட்டையரின் உதவியை நாடி வருகின்றனர்.

இருவகை இரட்டையர்

இரட்டையர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். அவர்களுள் இரு வகையினர் உள்ளனர்.

ஒரு கருமுட்டையுடன் ஒரு விந்தணு சேரும்போது கரு உருவாகிறது. சில வேளைகளில், அந்தக் கரு உருவான சில நாள்களுக்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த இரு பகுதிகளும் இரண்டு குழந்தைகளாக வளரும். இவ்வாறு பிறப்பவர்கள் ஒருகரு இரட்டையர் எனப்படுவர். இவர்களுடைய மரபணுக்கள் ஏறத்தாழ முழுமையாக ஒத்திருக்கும். பொதுவாக, இருவரும் ஆண்களாகவோ இருவரும் பெண்களாகவோ இருப்பர். உலகின் பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 1,000 பிரசவங்களில் மூன்று அல்லது நான்கில் ஒருகரு இரட்டையர் பிறக்கின்றனர்.

வேறு சில வேளைகளில், தாயின் உடலில் ஒரே சமயத்தில் இரண்டு கருமுட்டைகள் வெளிப்படும். அவற்றுடன் இரண்டு வெவ்வேறு விந்தணுக்கள் சேர்ந்து இரண்டு கருக்கள் உருவாகும். இவ்வாறு பிறப்பவர்கள் இருகரு இரட்டையர். இவர்கள் ஒரே நேரத்தில் பிறந்தாலும், மரபணு அளவில் சாதாரண உடன்பிறப்புகளைப் போன்றவர்களே. மக்களிடையே வேறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதி மட்டுமே இவர்களிடம் ஒத்திருக்கும். ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இருக்கலாம். இருகரு இரட்டையர் பிறக்கும் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்களிடையே இது மிக அதிகம்.

இந்த இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடுதான் ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்த திறவுகோல்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1875ஆம் ஆண்டில் இரட்டையரைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டார். பிறப்பால் வருவது எது, வளர்ப்பால் வருவது எது என்பதை இரட்டையரின் வாழ்க்கையைக் கொண்டு அறியலாம் என்பது அவருடைய கருத்து. ஆயினும், இருவகை இரட்டையரையும் எண்ணிக்கை அடிப்படையில் முறையாக ஒப்பிடும் வழி அப்போது உருவாகியிருக்கவில்லை. 1924ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹெர்மன் சீமென்ஸ் அந்த வழியைக் காட்டினார். இரட்டையரின் உடலில் உள்ள மச்சங்களை எண்ணி, ஒருகரு இரட்டையரிடையே காணப்படும் ஒற்றுமையை இருகரு இரட்டையரிடையே காணப்படும் ஒற்றுமையோடு அவர் ஒப்பிட்டார்.

இந்த ஒப்பீட்டின் அடிப்படை எளிமையானது. இருவகை இரட்டையரும் பொதுவாக ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே பெற்றோரிடம் வளர்கின்றனர். ஆகவே, வளர்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது மரபணு ஒற்றுமையின் அளவு மட்டுமே. எடுத்துக்காட்டாக, ஒரு நோயை வைத்துக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு அந்த நோய் வந்த 100 இணைகளில், 60 இணைகளில் மற்றவருக்கும் அது வருகிறது. இருகரு இரட்டையரிடையே 30 இணைகளில் மட்டுமே அவ்வாறு நிகழ்கிறது. அப்படியானால், அந்த நோயில் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று கருதலாம். இரு வகையிலும் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாக இருந்தால், வளர்ப்பும் சூழலுமே முக்கியக் காரணங்கள் என்று கருதலாம்.

இதே கற்பனை எடுத்துக்காட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருகரு இரட்டையருள் 60 இணைகளில் இருவருக்கும் நோய் வந்தது என்றால், எஞ்சிய 40 இணைகளில் ஒருவர் தப்பிவிட்டார் என்பது பொருள். அவருக்கும் அதே மரபணுக்கள்தாம் உள்ளன. ஆயினும், நோய் வரவில்லை. ஏன்? இந்தக் கேள்வியிலிருந்து மற்றோர் ஆய்வுமுறை பிறந்தது. ஏதோ ஒரு பழக்கத்தில் அல்லது உடல்நிலையில் வேறுபடும் ஒருகரு இரட்டையரைத் தேடிப் பிடித்து ஒப்பிடுவதே அந்த முறை. மருத்துவ உலகில் எழுந்த ஒரு பெரிய விவாதத்தில் இம்முறை முக்கியமான சான்றை அளித்தது.

சிகரெட்டைப் பற்றிய விவாதம்

1950ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள் என்பதை அது காட்டியது. புகைபிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும் என்ற கருத்து வலுப்பெற்றது.

இதை ஏற்க மறுத்தவர்களுள் ஒருவர் ரொனால்ட் ஃபிஷர். அவர் சாதாரண மனிதர் அல்லர். இன்றைய புள்ளியியலின் அடித்தளத்தை அமைத்தவர்களுள் ஒருவர். அவர் 1950களின் பிற்பகுதியில் ஒரு கேள்வியை எழுப்பினார். 'ஒருவரைப் புகைபிடிக்கத் தூண்டும் மரபணுவே அவருக்குப் புற்றுநோயையும் கொண்டுவரக்கூடும் அல்லவா? அப்படியானால், சிகரெட்டின்மீது பழிபோடுவது தவறாகுமே!' என்பதே அவருடைய வாதத்தின் சாரம். ஒருகரு இரட்டையர் புகைபிடிக்கும் பழக்கத்தில் இருகரு இரட்டையரைவிட அதிகமாக ஒத்திருப்பதை அவர் சான்றாகக் காட்டினார்.

வாதம் புத்திசாலித்தனமானது. அதை வெறும் கோபத்தால் மறுக்க முடியாது. சான்றால்தான் மறுக்க வேண்டும். ஆனால், மனிதரைக் கட்டாயப்படுத்திப் புகைபிடிக்க வைத்துச் சோதனை செய்ய யாராலும் முடியாது, செய்யவும் கூடாது. அப்படியென்றால், எங்கே போய்ச் சான்று தேடுவது?

ஒரே மரபணுக்களைக் கொண்ட இருவருள் ஒருவர் புகைபிடித்து, மற்றவர் புகைபிடிக்காமல் இருந்தால் விடை கிடைத்துவிடும். நோய்க்குக் காரணம் மரபணு மட்டுமே என்றால், இருவரும் ஒரே அளவில் பாதிக்கப்பட வேண்டும். காரணம் சிகரெட் என்றால், புகைபிடிப்பவரே அதிகம் பாதிக்கப்பட வேண்டும். இத்தகைய இணைகள் அரிதானவை. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நாட்டின் இரட்டையர் அனைவரையும் பதிவுசெய்யும் முயற்சி தேவைப்பட்டது. சுவீடன் நாடு 1950களின் இறுதியில் இரட்டையர் பதிவேட்டைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். டென்மார்க்கும் ஃபின்லாந்தும் இத்தகைய பதிவேடுகளை உருவாக்கின.

ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1975ஆம் ஆண்டில் இரட்டையரிடம் புகைபிடிக்கும் பழக்கத்தைப் பற்றிக் கேட்டறிந்து, 12 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். அதன் முடிவு 1989ஆம் ஆண்டில் வெளியானது. புகைபிடிக்கும் பழக்கத்தில் வேறுபட்ட ஒருகரு இரட்டையருள் 22 இணைகளில் இறப்பு நேர்ந்திருந்தது. அவற்றில் 17 இணைகளில் முதலில் இறந்தவர் புகைபிடித்தவரே. பின்னர், வட ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து நடத்திய பெரிய ஆய்வு நுரையீரல் புற்றுநோயை நேரடியாக ஆராய்ந்தது. ஒருகரு இரட்டையருள் புகைபிடித்தவருக்கு, புகைபிடிக்காத தம் உடன்பிறப்பைவிட அந்நோய் வரும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது.

ஃபிஷர் சொன்னதில் ஒரு பாதி உண்மையே. புகைபிடிக்கும் பழக்கத்துக்கு ஒருவர் எளிதில் அடிமையாவதில் மரபணுவுக்கும் பங்குண்டு. ஆனால், மரபணு ஒன்றாக இருந்தபோதும் சிகரெட்டைத் தொடாதவர் பெரிதும் தப்பினார். இந்த உண்மை ஃபிஷருடைய வாதத்தின் மறுபாதியைத் தகர்த்துவிட்டது.

கிட்டப்பார்வை தரும் பாடம்

சிங்கப்பூர் மாணவர்களுக்குக் கிட்டப்பார்வை மிகவும் பழக்கமான ஒன்று. வகுப்பறையில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். இக்குறைபாடு பரம்பரையால் வருகிறதா, பழக்கத்தால் வருகிறதா?

இலண்டனில் உள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் இரட்டையர் ஆய்வுக்குழு 506 இரட்டையர் இணைகளின் கண்களைப் பரிசோதித்து, 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. அவர்களிடையே காணப்பட்ட பார்வை வேறுபாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மரபணு வேறுபாடுகளால் ஏற்பட்டது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் கிட்டப்பார்வையைத் தடுக்கவே முடியாது' என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. சிங்கப்பூரிலும் கிழக்காசிய நகரங்களிலும் தாத்தா பாட்டி தலைமுறையைவிடப் பேரப்பிள்ளைகளின் தலைமுறையில் கிட்டப்பார்வை மிகுதியாகக் காணப்படுகிறது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு மக்களின் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிட முடியாது. மாறியது வாழ்க்கைமுறைதான். பிள்ளைகள் வெளியில் விளையாடும் நேரம் குறைந்தது. புத்தகத்தையும் திரையையும் அருகில் வைத்துப் பார்க்கும் நேரம் கூடியது.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் நடைபெற்ற சோதனை ஒன்று இதை உறுதிப்படுத்தியது. பாதிப் பள்ளிகளில், முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளி நாளிலும் கூடுதலாக 40 நிமிடங்களைத் திறந்தவெளியில் கழித்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, வழக்கம்போல் படித்த பிள்ளைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. வெளியில் நேரம் கழித்த பிள்ளைகளிடையே அது ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்தது.

ஆக, 85 விழுக்காடு என்னும் எண்ணின் பொருள் என்ன? ஓரிடத்தில், ஒரு காலத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரி வாழும் மக்களிடையே உள்ள வேறுபாடுகளுக்கு மரபணு எவ்வளவு காரணம் என்பதையே அது சொல்கிறது. சூழலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை அது சொல்வதில்லை. இரண்டு செடிகளில் ஒன்று உயரமாக வளர்வதற்கு விதை காரணமாக இருக்கலாம். ஆயினும், தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் விட்டால் இரண்டு செடிகளுமே இன்னும் செழித்து வளரும் அல்லவா?

ஒரே உணவு, வெவ்வேறு விளைவு

உணவைப் பற்றிய ஆய்வுகளிலும் இரட்டையர் பெரிதும் உதவியுள்ளனர். ஓர் உணவுமுறை நல்லதா என்று கண்டறிவது கடினம். ஒருவருக்கு நன்மை கிடைத்தால், அது உணவால் வந்ததா, அவருடைய உடல்வாகால் வந்ததா என்ற ஐயம் எழும். இரட்டையரை வைத்து ஆராயும்போது அந்த ஐயம் பெருமளவு குறைகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 ஒருகரு இரட்டையர் இணைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியானது. ஒவ்வோர் இணையிலும் ஒருவர், இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய எதுவும் இல்லாத தாவர உணவை மட்டும் எட்டு வாரங்கள் உண்டார். மற்றவர் இறைச்சியும் சேர்ந்த, ஆனால் சத்தான உணவை உண்டார். முதல் நான்கு வாரங்களுக்கு உணவு அவர்களுடைய வீடுகளுக்கே அனுப்பப்பட்டது. அடுத்த நான்கு வாரங்களில் அவர்களே சமைத்துக்கொண்டனர். எட்டு வாரங்களின் முடிவில், தாவர உணவு உண்டவர்களின் இரத்தத்தில் இருந்த கெட்ட கொழுப்பின் அளவு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. மரபணு ஒன்றாக இருந்தபோதும், தட்டில் இருந்த உணவு மாறியதால் இரத்தத்தின் நிலை மாறியது.

உணவைப் பற்றிய மற்றோர் ஆய்வு வேறொரு வியப்பை அளித்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1,000க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவுகள் 2020ஆம் ஆண்டில் வெளியாயின. பங்கேற்றவர்களுள் பலர் இரட்டையர். அவர்கள் அளவாகத் தயாரிக்கப்பட்ட ஒரே மாதிரியான உணவை உண்டனர். ஆனால், ஒரே உணவுக்கு ஒருகரு இரட்டையரின் இரத்தச் சர்க்கரைகூட வெவ்வேறு விதமாக ஏறி இறங்கியது. உண்ணும் நேரம், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் முதலியவையும் உடலின் செயல்பாட்டை மாற்றுகின்றன என்பது தெரியவந்தது.

குடல் நுண்ணுயிர்களின் ஆற்றலை 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வும் உணர்த்தியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அது நடைபெற்றது. ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டைச் சகோதரிகளின் குடல் நுண்ணுயிர்களை ஆய்வாளர்கள் சேகரித்தனர். அவற்றை நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் செலுத்தினர். பருமனான சகோதரியின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளின் உடலில் மற்ற எலிகளைவிட அதிகக் கொழுப்பு சேர்ந்தது. உடல் பருமனுக்குக் காரணம் தேடும் ஆய்வாளர்களுக்கு இது ஒரு புதிய பாதையைத் திறந்துவிட்டது.

ஒரே வீடு, வெவ்வேறு விளக்குகள்

மரபணுக்கள் ஒன்றாக இருந்தும் ஒருகரு இரட்டையர் வயதாக வயதாக ஏன் வேறுபடுகின்றனர்? ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. அவர்கள் 3 வயது முதல் 74 வயது வரையிலான 40 ஒருகரு இரட்டையர் இணைகளைப் பரிசோதித்தனர்.

அவர்கள் கண்டதை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்ட இரண்டு அடுக்குமாடி வீடுகளில் மின்கம்பிகளும் விளக்குகளும் ஒரே மாதிரி அமைந்திருக்கும். ஆயினும், இரவில் ஒரு வீட்டில் எரியும் விளக்குகள் வேறு. அடுத்த வீட்டில் எரியும் விளக்குகள் வேறு. மரபணுக்களும் இப்படித்தான். அவை உடலில் இருந்தால் மட்டும் போதாது, இயங்கவும் வேண்டும். அவற்றை இயக்கவும் அடக்கவும் உதவும் வேதியியல் குறிகள் மரபணு இழையின்மீது படிந்துள்ளன. இளம் இரட்டையரிடம் அக்குறிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. வயது முதிர்ந்த இரட்டையரிடமோ வேறுபாடு மிகுதியாக இருந்தது. தங்கள் வாழ்நாளில் அதிகக் காலம் பிரிந்து வாழ்ந்த இரட்டையரிடையே வேறுபாடு மேலும் கூடியிருந்தது.

விண்வெளிக்குச் சென்றவரும் மண்ணில் இருந்தவரும்

மரபணுவின் இயக்கம் சூழலுக்கேற்ப மாறுவதை அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவும் ஆராய்ந்தது. ஸ்காட் கெல்லி, மார்க் கெல்லி ஆகிய இருவரும் ஒருகரு இரட்டையர்; இருவருமே விண்வெளி வீரர்கள். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்காட் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்று 340 நாள்கள் தங்கினார். அந்தக் காலத்தில் மார்க் பூமியில் இருந்தார். இருவரின் இரத்தம், கண், இதயம், சிந்தனைத் திறன் முதலியவற்றைப் பல ஆய்வுக்குழுக்கள் ஒப்பிட்டன.

முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளியாயின. விண்வெளியில் ஸ்காட்டின் பல மரபணுக்கள் இயங்கும் விதம் மாறியிருந்தது. பூமிக்குத் திரும்பிய ஆறு மாதங்களுக்குள் அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஆயினும், அவர் திரும்பிய பிறகு சில சிந்தனைத் திறன் சோதனைகளில் அவருடைய வேகமும் துல்லியமும் குறைந்திருந்தன. நீண்ட விண்வெளிப் பயணத்துக்கு வீரர்களைத் தயார்ப்படுத்த இத்தகைய தகவல்கள் பயன்படுகின்றன.

இந்த ஆய்வின் முழு முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே, ஸ்காட்டின் மரபணுவில் 7 விழுக்காடு மாறிவிட்டதாகச் சில ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. அது தவறு. மாறியது மரபணு அன்று. சில மரபணுக்கள் இயங்கிய அளவுதான். நாசா இதைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. வீட்டையே இடித்துக் கட்டுவதும் விளக்கைப் போடுவதும் ஒன்றாகிவிடுமா? அறிவியல் செய்திகளை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பொருளுணர வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறக்கக்கூடாத வரலாறு

இரட்டையர் ஆய்வின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் போலந்தில் அமைத்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் யோசஃப் மெங்கலே என்ற மருத்துவன் இருந்தான். 1943ஆம் ஆண்டுக்கும் 1945ஆம் ஆண்டுக்கும் இடையே, முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட இரட்டைப் பிள்ளைகளைத் தனியே பிரித்து, அவர்கள்மீது கொடிய சோதனைகளை அவன் நடத்தினான். பிள்ளைகளின் சம்மதத்தையோ பெற்றோரின் சம்மதத்தையோ அவன் கேட்கவில்லை. பிள்ளைகள் பலர் மாண்டனர். போருக்குப் பின் அவன் தப்பியோடிவிட்டான்.

நாஜி மருத்துவர்கள் வேறு பலர் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் விசாரிக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டில் அந்த வழக்கின் தீர்ப்போடு, மனிதரிடம் ஆய்வு நடத்துவதற்கான நெறிமுறைகளும் வகுக்கப்பட்டன. ஆய்வில் பங்கேற்பவர் தாமாக முன்வந்து சம்மதிக்க வேண்டும் என்பதே அவற்றுள் முதலாவது.

இன்றைய இரட்டையர் ஆய்வுகள் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. ஆய்வின் நோக்கம் என்ன, என்ன பரிசோதனை செய்வார்கள், தகவலை எப்படிப் பாதுகாப்பார்கள் என்பவற்றைப் பங்கேற்பாளருக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும். அவர் விரும்பினால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். இரட்டையருள் ஒருவர் சம்மதித்தார் என்பதற்காக மற்றவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. முகம் ஒன்றாக இருந்தாலும் விருப்பம் அவரவருடையது.

இரட்டையர் ஆய்வின் எல்லைகள்

எந்த ஆய்வுமுறைக்கும் குறைகள் உண்டு. ஒருகரு இரட்டையருக்குப் பெற்றோர் ஒரே நிற உடை அணிவிப்பதும், மற்றவர்கள் அவர்களை ஒரே மாதிரி நடத்துவதும் வழக்கம். ஆகவே, இருவகை இரட்டையரின் வளர்ப்பும் முற்றிலும் சமம் என்று சொல்ல முடியாது. கெல்லி சகோதரர்களைப் பற்றிய ஆய்வு ஒரே ஓர் இணையை மட்டும் கொண்டது. அதை வைத்து எல்லா வீரர்களுக்கும் முடிவு சொல்லிவிட இயலாது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு எட்டு வாரங்களே நீடித்தது. மேலும், பெரிய பதிவேடுகள் பல ஐரோப்பாவில் உள்ளன. ஆசிய மக்களின் உணவும் வாழ்க்கைமுறையும் வேறு. எனவே, ஒரு நாட்டில் கண்ட முடிவை வேறொரு நாட்டு மக்களுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது. இக்காரணங்களால், ஆய்வாளர்கள் இரட்டையரிடம் கண்ட முடிவுகளை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்கின்றனர்.

விதியும் மதியும்

டென்மார்க் ஆய்வாளர்கள் 1870ஆம் ஆண்டுக்கும் 1900ஆம் ஆண்டுக்கும் இடையில் பிறந்த 2,872 இரட்டையர் இணைகளின் வாழ்நாளைக் கணக்கிட்டு, 1996ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். மனிதரின் ஆயுளில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ கால்பங்குக்கு மட்டுமே மரபணு காரணம் என்று அவர்கள் கண்டனர். எஞ்சிய பங்கு சூழலுக்கும் பழக்கத்துக்கும் தற்செயலான நிகழ்வுகளுக்கும் உரியது.

குடும்பத்தில் ஒரு நோய் இருப்பது அலட்சியப்படுத்த வேண்டிய செய்தி அன்று. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்வதும், உணவிலும் உடற்பயிற்சியிலும் கூடுதல் அக்கறை காட்டுவதும் அறிவுடைமை. ஆனால், அந்தச் செய்தியை மாற்ற முடியாத தீர்ப்பாக எடுத்துக்கொண்டு சோர்ந்துவிடத் தேவையில்லை. தாத்தாவின் நோயைப் பேரனுக்குக் கிடைத்த எச்சரிக்கையாகக் கருதலாம். அதுவே அவனுடைய வருங்காலம் என்று கருதக்கூடாது.

'விதியை மதியால் வெல்லலாம்' என்றும் தமிழில் ஒரு பழமொழி உண்டு. ஒரே நூலைக் கொண்டு இருவர் நெய்தாலும் இரண்டு சேலைகளும் ஒன்றாக இருப்பதில்லை. தாமாக முன்வந்து தங்கள் இரத்தத்தையும் நேரத்தையும் ஆய்வுக்குத் தந்த ஆயிரக்கணக்கான இரட்டையர் உலகுக்கு உணர்த்தியுள்ள உண்மையும் அதுவே.